தெளிக்காம விட்ட பாத்தி என்ன சொல்லுச்சு: கோஸ் புழுவுக்குப் புது மருந்து பாத்த அனுபவம்

கோஸ், காலிபிளவர் போடுறவங்க கிட்ட போய் எந்த மருந்து நல்லா கேக்குதுன்னு கேட்டீங்கன்னா ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவாங்க, அதுல யாரும் பொய் சொல்றதில்ல, அவங்கவங்க தோட்டத்துல அடிச்சாங்க, புழு கொறைஞ்சுச்சு, அத சொல்றாங்க. ஆனா அடிக்காம இருந்திருந்தாலும் புழு கொறைஞ்சிருக்குமான்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அடிக்காத எடம்னு ஒண்ணு தோட்டத்துலயே இருக்காது. நான் கோயம்புத்தூர் பக்கத்துல தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம் பக்கம் விவசாயிங்க தோட்டத்துல இலை திங்கிற புழுவுக்குப் புது மருந்துகள பரிசோதனை பண்ற வேலையில இருந்தேன், அந்த வேலையில கத்துக்கிட்டத இங்க எழுதுறேன், யாராவது சொந்தத் தோட்டத்துலயே சின்னதா ஒரு ட்ரையல் போட்டுப் பாக்க ஆசைப்பட்டா உபயோகப்படும்.

மொதல்ல புழு. கோஸ்ல பெரிய தலைவலி டிபிஎம், வைரமுதுகு அந்துப்பூச்சி. அந்து உக்காந்திருக்கும்போது ரெண்டு றெக்கையும் சேந்து முதுகுல வைரம் மாதிரி ஒரு வடிவம் தெரியும், அதான் பேரு. நமக்கு வேலை வைக்கிறது அதோட புழு. நல்லா வளந்தாலே ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வரும், பச்சையா, ரெண்டு பக்கமும் கூம்பி இருக்கும். விரல் பட்டா சும்மா ஓடாது, உடம்ப வெடுக்கு வெடுக்குன்னு நெளிச்சு பின்னாடியே போயி இலை ஓரத்துல இருந்து நூல் விட்டுத் தொங்கும், கொஞ்ச நேரம் கழிச்சு அதே நூல்ல ஏறி வந்துரும். இலைக்கு அடியில இருந்து சுரண்டித் தின்னும், மேல் தோல மட்டும் விட்டுரும், அதனால மேல இருந்து பாத்தா வெள்ளையா கண்ணாடிப் பேப்பர் ஒட்டின மாதிரி திட்டுத் திட்டா இருக்கும், அப்பறம் அந்தத் தோலும் காஞ்சு ஓட்டை ஆயிரும். பொரிச்ச ஒடனே வர்ற குட்டிப்புழு இலைக்குள்ளயே பூந்து சுரங்கம் போட்டுத் திங்கும், அந்த நேரம் அத கண்ணால பாத்து எண்றது ரொம்ப கஷ்டம். வெயில் காலத்துல ரெண்டு ரெண்டரை வாரத்துல ஒரு தலைமுறை முடிஞ்சுரும், அப்ப ஒரே கோஸ் பயிர்ல எத்தன தலைமுறை வந்து போகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இன்னொண்ணு புரொடீனியா, புகையிலை வெட்டுப்புழு. இது குவியலா முட்டை வைக்கும், மேல பழுப்பு நிறத்துல ரோமம் போட்டு மூடியிருக்கும், பொரிச்சதும் கும்பலா ஒரே இலையில உக்காந்து இலைய சல்லடையாக்கிரும். அந்தக் கட்டத்துல கண்ணுல பட்டா அந்த ஒரு இலைய பறிச்சு மிதிச்சாலே நூத்துக்கணக்குல போயிரும், மருந்தே வேண்டாம். வளந்துருச்சுன்னா பகல்ல மண்ணுக்குள்ள, காஞ்ச இலைக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கும், ராத்திரி வந்து திங்கும். அதனால பகல்ல போயி எண்ணிட்டு புழுவே இல்லைன்னு எழுதினா அது பொய்க்கணக்கு.

இந்த டிபிஎம் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பயிர் பூச்சிகள்ல டிடிடிக்கு எதிர்ப்பு வந்துருச்சுன்னு சீக்கிரமே பதிவான பூச்சிகள்ல இது ஒண்ணு, இந்தோனேசியாவுல ஜாவா தீவுல லெம்பாங் பக்கம், 1953ல. அப்பறம் பைரித்ராய்டு (சைபர்மெத்ரின் மாதிரி), ஆர்கனோபாஸ்பரஸ் (புரோஃபெனோபாஸ் மாதிரி) வகை மருந்து எல்லாத்தையும் ஜீரணம் பண்ணிக்கிச்சு. புழுவக் கொல்ற பிடி பாக்டீரியாவுக்கே வயக்காட்டுல எதிர்ப்பு காட்டுன பூச்சி இது, ஹவாய் தீவுல. டயமைடு வகை மருந்து (கோராஜன் மாதிரி) வந்தப்ப இனி கவலை இல்லைன்னாங்க, பிலிப்பைன்ஸ்லயும் தாய்லாந்துலயும் 2010 வாக்குலயே அதுக்கும் எதிர்ப்பு வந்துருச்சு, மருந்து சந்தைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அதனால புது மருந்து எவ்வளவு நல்லா கேட்டாலும் இத எத்தன நாள் காப்பாத்தி வச்சுக்கலாம்கிற கேள்வியும் சேந்தே வரணும்னு நான் நெனக்கிறேன்.

சரி, ட்ரையலுக்கு வர்றேன். முறைப்படி செய்யும்போது ஒரு சின்னப் பிளாட் 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஒவ்வொரு மருந்துக்கும் மூணு நாலு பிளாட், அது ஒரே எடத்துல இருக்காது, சீட்டுக் குலுக்கிப் போட்டு தோட்டம் பூரா கலந்து வைப்போம். ஏன்னா தோட்டத்துல ஒரு மூலை எப்பவுமே செழிப்பா இருக்கும், வாய்க்கா தலைப்புல ஈரம் ஜாஸ்தி, வேலியோரம் புழு ஜாஸ்தி, ஒரே மருந்த ஒரே மூலையில அடிச்சா மூலையோட குணம் மருந்தோட கணக்குல ஏறிரும். பிளாட்டுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு வரிசை சும்மா விடணும், எண்றதுக்கு ஓரத்து வரிசைய எடுக்கக் கூடாது. இதோட ஏற்கனவே நல்லாத் தெரிஞ்ச ஒரு பழைய மருந்து ஒப்பிட்டுப் பாக்க, கடைசியா ஒண்ணுமே தெளிக்காத பிளாட்.

இந்தத் தெளிக்காத பிளாட்டுக்குத்தான் ஒவ்வொரு தோட்டத்துலயும் சண்டை. "ஏனுங்க தம்பி, அத மட்டும் ஏன் பாவம் புழுவுக்கு விடறீங்க, அங்க இருந்து என்ற பயிருக்கெல்லாம் பரவுமுங்களே"ன்னு ஒரு பெரியவர் கேட்டார், அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு, அவர் வயித்துப் பொழப்பு அது. நாங்க அந்தப் பிளாட்டுக்கு வர்ற நஷ்டத்த ஈடு கட்டித் தர்றதா பேசிட்டுத்தான் ஆரம்பிப்போம். அப்படியும் ஒரு தோட்டத்துல நாங்க இல்லாத நேரத்துல, பயிர் வீணாப் போறத பாக்கப் பொறுக்காம, அந்தப் பிளாட்டுக்கும் யாரோ ஒரு டேங்க் அடிச்சுட்டாங்க, பக்கத்துல போனதும் வாசனை வருது, இலை மேல வெள்ளைப் புள்ளியா மருந்து காஞ்சு கெடக்கு. அந்த ட்ரையல் கணக்கு அதோட போச்சு, மறுபடி வேற பயிர்லதான் போட்டோம்.

அந்தப் பிளாட் ஏன் அவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். மருந்து அடிக்கப்போற பாத்தியில அடிக்கிறதுக்கு முந்தின நாள் 10 செடியில 40 புழு இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க, ஏழாம் நாள் எண்ணினா 8. பாக்கறவங்க 80 சதவீதம் கேட்டுச்சும்பாங்க. ஆனா தெளிக்காத பாத்தியிலயும் அதே 40 இருந்தது 20 ஆயிருக்கு, எப்படின்னா கொஞ்சம் புழு கூட்டுப்புழுவா மாறிருச்சு, ஒரு மழை அடிச்சுக் கொஞ்சம் கழுவிட்டுப் போயிருச்சு, குளவி கொஞ்சம் பாத்துக்கிச்சு. அப்ப மருந்து இல்லாமயே பாதி போயிருக்கும், மருந்து அடிச்ச பாத்தியிலயும் 20 தான் மிஞ்சியிருக்கணும், அந்த 20ல 12 தான் மருந்தோட சம்பாத்தியம், அதாவது 60 சதவீதம். இதுக்கு ஹென்டர்சன் டில்டன் ஃபார்முலான்னு 1955லயே போட்டு வச்சிருக்காங்க, அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாத்தியிலயும் புழு எண்ணிக்கை வித்தியாசமா இருந்தாக்கூட சரி பண்ணிக் குடுக்கும். இதே தலைகீழாவும் நடக்கும், தெளிக்காத பாத்தியில 40 புழு 120 ஆகுற நேரத்துல அடிச்ச பாத்தியில 40 அப்படியே 40ஆ நிக்கும், விவசாயி மருந்து கேக்கலைம்பார், நெசத்துல அது நல்லாவே வேலை செஞ்சிருக்கு.

எண்றதும் ஒரு வேலைதான், யாருக்கும் அது பெருசாத் தெரியாது. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போகணும், ஒவ்வொரு இலையா திருப்பி அடிப்பக்கம் பாக்கணும், குருத்து இலைய மெதுவா விரிச்சுப் பாக்கணும். கோஸ் உருண்டை கட்ட ஆரம்பிச்ச பொறகு குருத்துக்குள்ள பாக்கறது கஷ்டம், அதனால செடிக்கு இத்தன இலைன்னு முன்னாடியே முடிவு பண்ணி எல்லாச் செடியிலயும் அதே மாதிரி பாக்கணும். எண்றது கடைசி வரைக்கும் ஒரே ஆளா இருந்தா நல்லது, எண்றவருக்கு அது எந்த மருந்து அடிச்ச பாத்தின்னு தெரியாம இருந்தா இன்னும் நல்லது. நாங்க குச்சியில மருந்து பேர எழுத மாட்டோம், நம்பர் மட்டும்தான், ஒருத்தர் எண்ணிச் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவார். புது மருந்துன்னு தெரிஞ்சா கண்ணு தானாவே கம்மியாப் பாக்கும், இத நம்பாதவங்க ஒரு தடவை நம்பர மறைச்சு எண்ணிப் பாருங்க. அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு கணக்கு, அடிச்ச பொறகு 1, 3, 7, 10, 14 நாள்னு கணக்கு.

இந்த ஒண்ணாம் நாள் கணக்குலதான் பெரிய குழப்பமே. பழைய மருந்துங்க, புரோஃபெனோபாஸ், சைபர்மெத்ரின் மாதிரி, அடிச்ச கொஞ்ச நேரத்துல புழு துடிச்சு கீழ விழும், விவசாயிக்கு அதப் பாத்தாத்தான் திருப்தி. குளோரான்ட்ரானிலிப்ரோல் அப்படி இல்ல, கோராஜன்னு நாம பழகின பேருல வர்றதே இதுதான். இது புழுவோட தசைக்குள்ள இருக்குற கால்சியத்த ஒரே அடியா வெளிய கொட்ட வச்சுரும், அதனால தசை சுருங்கி வேலை செய்யாமப் போயிரும். புழு வாய் கொஞ்ச நேரத்துலயே நின்னுரும், ஆனா சாவறதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள், சில சமயம் மூணு நாளு கூட ஆகும். அடுத்த நாள் காலையில போனா புழு இலையில அப்படியே இருக்கும். கிட்ட போயிப் பாருங்க, உடம்பு சுருங்கி கொஞ்சம் குட்டையாத் தெரியும், தொட்டா அந்த வெடுக்குன்னு நெளியற குணம் இருக்காது, சோம்பலா ஒரு அசைவு, நூல் விட்டுத் தொங்காது. அதுக்குப் பக்கத்துல இலைய பாருங்க, புதுசா சுரண்டின எடம் இருக்காது, பச்சையா ஈரமா புது எச்சம் இருக்காது, இருக்குறதெல்லாம் கறுத்துக் காஞ்ச பழைய எச்சம். அது செத்ததுக்குச் சமம், பயிருக்கு இனி அதால ஒரு தொந்தரவும் இல்ல.

இது தெரியாம எத்தனையோ பேரு அடுத்த நாளே "மருந்து டூப்ளிகேட்"னு சொல்லி இன்னொரு மருந்த மேல அடிச்சுருவாங்க, மூணாம் நாள் புழு செத்துரும், பேரு ரெண்டாவது மருந்துக்குப் போயிரும். ரெண்டு மருந்துக் காசு, ரெண்டு ஆள் கூலி. அதனால நாங்க உயிரோட இருக்குற புழுவ எண்றதோட புதுச் சேதாரத்தயும் தனியா குறிப்போம். அடிக்கிற அன்னைக்கு சில இலையில ஒரு நூல் கட்டி அதுல இருக்குற ஓட்டைய எண்ணி வச்சுக்கிட்டா போதும், மூணாம் நாள் அதே இலையில ஓட்டை கூடியிருக்கான்னு பாத்துரலாம். என்ன கேட்டா, புது மருந்த எடை போட இதவிட எளிமையான வழி இல்ல.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேகம் இருக்கு. ஸ்பினோசாட், ஸ்பினெடோரம் நரம்பு மேல வேலை செய்யும், ஓரளவு சீக்கிரமே தெரியும். எமாமெக்டின் பென்சோயேட் தின்ன கொஞ்ச நேரத்துல புழு தின்றத நிறுத்திரும், ரெண்டு மூணு நாள்ல செத்துரும், இலைக்குள்ள கொஞ்சம் ஊடுருவும், மேல நிக்கிறது வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சுரும், அதனால சாயங்காலம் அடிக்கறதுதான் புத்திசாலித்தனம். இண்டாக்ஸாகார்ப் புழு தின்னு வயித்துக்குள்ள போன பொறகுதான் முழு வீரியத்துக்கு மாறும். நோவலூரான் தோல் உரிக்கிற நேரத்துலதான் கொல்லும், வளந்த புழு இருக்குற தோட்டத்துல அத அடிச்சுட்டு மூணாம் நாள் எட்டிப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், ஏழாம் நாள் பாருங்க. சின்னப்புழு நிறைய இருக்கும்போது அடிச்சாத்தான் அதுக்கு மதிப்பு. இதெல்லாத்தையும் ஒரே நாள் கணக்கு வச்சு ஒப்பிட்டா நியாயமே இருக்காது.

இனி அளவு. லேபிள்ல முட்டைக்கோஸ் டிபிஎம்முக்கு குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி (திரவம்) ஹெக்டேருக்கு 50 மில்லி, 500 லிட்டர் தண்ணியில. அதாவது 10 லிட்டர் டேங்குக்கு ஒரே ஒரு மில்லி. எமாமெக்டின் 5 எஸ்ஜி (குருணை) ஹெக்டேருக்கு 150ல இருந்து 200 கிராம், அப்படின்னா 10 லிட்டருக்கு 3ல இருந்து 4 கிராம். புரோஃபெனோபாஸ் எல்லாம் 10 லிட்டருக்கு 20 மில்லி ஊத்திப் பழகின கைக்கு ஒரு மில்லி ஊத்த மனசே வராது, மூடியில ஒரு அளவு ஊத்துவாங்க, அது எத்தன மில்லின்னு யாரும் அளந்ததில்ல. 25 சதுர மீட்டர் பிளாட்டுக்கு கணக்குப் போட்டா ஒண்ணேகால் லிட்டர் தண்ணி, மருந்து ஒரு மில்லியில எட்டுல ஒரு பங்கு, அத எதுல அளக்கறது. நாங்க மருந்துக்கடையில இன்சுலின் சிரிஞ்சு வாங்கி ஊசிய கழட்டிட்டு அதுல எடுப்போம், நாலு பிளாட்டுக்கு சேத்து 5 லிட்டர் கரைசல் போட்டா அரை மில்லி, அது ஈஸி. குருணையா வர்ற மருந்துக்கு நகைக்கடையில வைக்கிற மாதிரி சின்ன எலக்ட்ரானிக் தராசு. அந்த சிரிஞ்ச வீட்டுல வேற எதுக்கும் எடுக்காம தனி டப்பாவுல பூட்டி வைங்க, குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாது.

மருந்துக்கு முன்னாடி தண்ணிய மட்டும் ஊத்தி ஒரு தடவை அடிச்சுப் பாத்துக்கணும், உங்க நடைக்கும் உங்க நாசிலுக்கும் ஒரு பாத்திக்கு எவ்வளவு போகுதுன்னு. ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு வேகத்துல நடப்பாங்க, ட்ரையல்ல எல்லா பாத்தியும் ஒரே ஆள் ஒரே நாசில்ல அடிக்கணும். பூச்சி மருந்துக்கு கூம்பு மாதிரி சுத்தி விழற நாசில், களைக்கொல்லி நாசில எடுத்து அடிக்கக் கூடாது. கோஸ் இலை மேல ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும், தண்ணி முத்து முத்தா உருண்டு கீழ போயிரும், அதனால ஒட்டும் திரவம் கண்டிப்பா சேக்கணும், சேத்துட்டு ஒரு இலையில அடிச்சுப் பாருங்க, முத்தா நிக்காம பரவி நனையணும். புழு இருக்குறது இலைக்கு அடியில, நாம அடிக்கிறது மேல இருந்து, நாசில கொஞ்சம் கீழ எறக்கி மேல பாத்து திருப்பினாத்தான் அடிப்பக்கம் நனையும். மருந்து கேக்கலைன்னு வந்த புகார்ல நான் நேர்ல போயி இலைய திருப்பிப் பாத்ததுல பல எடத்துல அடிப்பக்கம் நனைஞ்ச தடமே இல்ல.

எங்க பக்கத்துக்குன்னு ஒரு பிரச்சனை பாலக்காட்டுக் கணவாய் காத்து. ஆனி ஆடி வந்துருச்சுன்னா வெயில் ஏற ஏற காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், மருந்து அடிச்சா பக்கத்துப் பிளாட்டுக்கு, தெளிக்காத பிளாட்டுக்கு, அடிக்கிறவர் மூஞ்சிக்குன்னு எல்லா எடத்துக்கும் போகும். அந்த மாசங்கள்ல விடிகாலையிலயே முடிச்சுரணும், காத்து ஆரம்பிச்சா பாதியில நிறுத்தி அடுத்த நாள் தொடரலாம். பிளாட்டச் சுத்தி சேலை இல்லைனா பழைய தார்ப்பாய் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு நிப்போம். நரசீபுரம் பக்கம் மலையடிவாரத் தோட்டத்துக்கு யானை வர்ற தொந்தரவும் உண்டு, குச்சியில கட்டுன நம்பர் எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும், அதனால பிளாட் வரைபடம் ஒரு நோட்டுல தனியா வரைஞ்சு வச்சுக்கறது நல்லது.

நான் ரொம்ப ஆர்வமா பாத்த விஷயம் இன்னொண்ணு, புழுவோட எதிரிங்க. டிபிஎம் புழுவுக்குள்ள முட்டை வைக்கிற கொட்டீசியான்னு ஒரு பொடிக் குளவி இருக்கு, எறும்பு அளவுதான், கறுப்பா இருக்கும். அதோட குஞ்சு புழுவுக்குள்ளயே வளந்து வெளிய வந்து பக்கத்துல வெள்ளையா அரிசி மாதிரி ஒரு சின்னக் கூடு கட்டும். அந்த வெள்ளைக் கூட்ட பாத்து புது விதமான பூச்சி முட்டைன்னு நெனச்சு நசுக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு நசுக்காதீங்க. மேல நீலகிரியில குளிருக்குத் தகுந்தாப்ல டயடெக்மான்னு வேற ஒரு குளவிய கொண்டு வந்து விட்டாங்க, அது அங்க நல்லா நெலைச்சுருச்சு. கீழ சமவெளி வெயிலுக்கு நமக்கு கொட்டீசியாதான். ட்ரையல்ல புழு எண்றதோட இந்த வெள்ளைக் கூடு, சிலந்தி, பொறிவண்டு எல்லாத்தையும் எண்ணுவோம். பைரித்ராய்டு அடிச்ச பிளாட்டுல இதெல்லாம் சுத்தமா காணாமப் போயிரும், கொஞ்ச நாள்ல அசுவினி வந்து அப்பிக்கும், அப்ப அதுக்கு ஒரு மருந்து. டயமைடு அடிச்ச பிளாட்டுல குளவிக் கூடு கணிசமா மிஞ்சி இருந்துச்சு, சிலந்தியும் இருந்துச்சு. ஸ்பினோசாட் இயற்கையா கெடச்சதுன்னு சொல்லி எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சுறாதீங்க, ஈரமா இருக்கும்போது தேனீக்கும் பொடிக் குளவிக்கும் அது ஆகாது. புழுவ எத்தன சதவீதம் கொன்னுச்சுங்கிறது மட்டும் பாத்து மருந்த வரிசைப்படுத்தினா இந்தக் கணக்கு விட்டுப்போயிரும், பத்தாம் நாள், பதினாலாம் நாள் கணக்குல அது வந்து நிக்கும், குளவி மிஞ்சுன பிளாட்டுல புழு மெதுவாத்தான் ஏறும்.

மருந்து மாத்தி மாத்தி அடிக்கிறதப் பத்தி எல்லாரும் சொல்றாங்க, ஆனா நெறைய பேரு மாத்துறது டப்பாவத்தான். குளோரான்ட்ரானிலிப்ரோல் காப்புரிமை இந்தியாவுல 2022 ஆகஸ்டுல முடிஞ்சுது, அதுக்கப்பறம் அதே மருந்து எத்தனையோ பேருல வருது. இந்த வாரம் ஒரு பேரு, அடுத்த தடவை கடையில வேற பேரு, அதுக்கடுத்து ஃப்ளூபெண்டியமைடு, பொறகு சயான்ட்ரானிலிப்ரோல், பாக்க நாலு மருந்து, உள்ள ஒரே வகை, வேலை செய்யற விதத்த வச்சு மருந்துகள நம்பர் போட்டுப் பிரிச்சிருக்காங்க, அதுல நாலுமே 28ஆம் குரூப். புழுவுக்கு அது நாலு தடவையும் ஒரே அடிதான், தப்பிச்சது மட்டும் பெருகும். ரெண்டு மருந்து கலந்து வர்றதுலயும் இதே கதைதான், குளோரான்ட்ரானிலிப்ரோல் கூட லாம்டா சைஹாலோத்ரின்னு ஒரு பைரித்ராய்டு சேந்து வருது, நோவலூரான் கூட இண்டாக்ஸாகார்ப் சேந்து வருது, கலவைய அடிச்சுட்டு அடுத்த தடவை அதுல இருக்குற ஒண்ண தனியா அடிச்சா மாத்தினதா அர்த்தம் இல்ல. டப்பாவுல பெரிய எழுத்துப் பேர விட்டுட்டு கீழ பொடியா இருக்குற டெக்னிக்கல் பேர படிங்க, எழுதி வைங்க. ஒரு தலைமுறைக்கு, அதாவது ரெண்டு ரெண்டரை வாரத்துக்கு ஒரு குரூப், அடுத்த தலைமுறைக்கு வேற குரூப்: டயமைடு அடிச்சா அடுத்து எமாமெக்டின், அதுக்கப்பறம் ஸ்பினோசாட் இல்லைனா இண்டாக்ஸாகார்ப், இப்படி. நடுவுல பிடியோ வேப்பங்கொட்டைக் கரைசலோ போதும்கிற நேரமும் வரும். நட்டு நாலு வாரம் வரைக்கும் செடிக்கு சராசரி 2 புழு, அதுக்கப்பறம் 5 புழுங்கிறதுதான் மருந்து அடிக்க சொல்ற அளவு, அதுக்குக் கீழ இருந்தா அடிக்காம இருக்குறதும் ஒரு முடிவுதான். கடுகு வரிசை போடறதும் பழைய நல்ல வழி, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொன்ன முறையில 25 வரிசை கோஸுக்கு ஓரத்துல ஒரு ஜோடி கடுகு வரிசை, ஒண்ணு நடவுக்கு 15 நாள் முன்னாடி, இன்னொண்ணு நட்டு 25 நாள் கழிச்சு. அந்துப்பூச்சி கடுக தேடிப் போயி முட்டை வைக்கும். கடுகு பூத்திருக்கும்போது தேனீ வரும், அந்த நேரத்துல காலையில அதுல மருந்து அடிக்காதீங்க.

உங்க தோட்டத்துப் புழுவுக்கு ஒரு மருந்து இன்னும் கேக்குதான்னு அடிக்கிறதுக்கு முன்னாடியே பாக்க வழி இருக்கு, ஆய்வகத்துல இலைய மருந்துக் கரைசல்ல 10 வினாடி முக்கி ஒலர வச்சு அதுல நடுத்தர வயசுப் புழுவ விட்டு மூணு நாள் பாப்பாங்க, அதையே வீட்டுத் திண்ணையிலயும் செய்யலாம். கையுறை போட்டுக்கிட்டு லேபிள் அளவுல ஒரு லிட்டர் கரைசல், ரெண்டு சொட்டு ஒட்டும் திரவம், மருந்து படாத இலைய முக்கி நிழல்ல காய வைங்க. இன்னொரு இலைய வெறும் தண்ணியும் ஒட்டும் திரவமும் கலந்ததுல முக்குங்க. மூடியில ஓட்டை போட்ட ரெண்டு டப்பா, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பதினஞ்சு புழு, வெயில் படாத எடம். தண்ணி டப்பாவுல இருக்குற புழு இலைய தின்னு தீர்த்து குண்டாகணும், அங்கயே செத்துச்சுன்னா உங்க புழு ஏற்கனவே நோஞ்சான், அந்த டெஸ்ட் செல்லாது. மருந்து டப்பாவுல மூணாம் நாள் பாதிக்கு மேல துறுதுறுன்னு தின்னுக்கிட்டு இருந்தா அந்த மருந்துக்கு இந்தப் பருவத்துல காசு போடாதீங்க. செத்துச்சான்னு சந்தேகம் வந்தா பெயிண்ட் பிரஷ் நுனியில லேசா தொடுங்க, அசையலைன்னா செத்துருச்சு.

சொந்தத் தோட்டத்துல செய்யறவங்க சந்தையில கெடைக்கிற, லேபிள்ல உங்க பயிர் பேரும் புழு பேரும் இருக்குற மருந்த மட்டும் எடுங்க. கோஸுக்கு எழுதியிருக்குறது எல்லாம் கீரைக்கு எழுதல, இலைய அப்படியே திங்கிற பயிருக்கு ரொம்ப ஜாக்கிரதை வேணும். யாராவது பேரே இல்லாத டப்பாவுல நம்பர் மட்டும் போட்டு அடிச்சுப் பாருங்கன்னு குடுத்தா வாங்காதீங்க, பதிவாகாத மருந்து ட்ரையல் போடற எங்க பிளாட்டுல இருந்து ஒரு காய் கூட சந்தைக்குப் போகாது, அங்கயே அழிச்சுருவோம். அடிச்ச தேதியும் அறுவடைத் தேதியும் எழுதி வைங்க, கோஸ்ல குளோரான்ட்ரானிலிப்ரோலுக்கும் எமாமெக்டினுக்கும் 3 நாள், இண்டாக்ஸாகார்புக்கும் குளோர்ஃபெனாபைருக்கும் 7 நாள் காத்திருக்கணும், விலை ஏறுதுன்னு நேத்து அடிச்சத இன்னைக்கு வெட்டக் கூடாது. காலி டப்பாவ மூணு தடவை அலசி அந்தத் தண்ணிய டேங்க்லயே ஊத்திட்டு டப்பாவ ஓட்டை போட்டுருங்க.

அரை ஏக்கர் கோஸ் இருக்குன்னா நடுவுல ரெண்டு எடத்துல நாலு நாலு வரிசை, பத்தடி நீளம், தெளிக்காம விட்டாப் போதும். நாலு மூலையிலயும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க, கூலிக்கு அடிக்க வர்றவர் கிட்ட நேர்ல நின்னு காட்டுங்க, நடுவுல இருக்குற ரெண்டு வரிசையில மட்டும் எண்ணுங்க. செலவு ஆகுறது சில கோஸ்தான். நோட்டுல நாலே நாலு கட்டம்: அடிச்ச எடம் முன்னாடி, அடிச்ச எடம் ஏழாம் நாள், அடிக்காத எடம் முன்னாடி, அடிக்காத எடம் ஏழாம் நாள். புழு வளந்து கூட்டுப்புழு ஆகப்போற நேரத்துல ஆரம்பிக்காதீங்க, சின்னதும் நடுத்தரமுமா கலந்து இருக்கும்போது ஆரம்பிங்க, இல்லைனா ரெண்டு எடத்துலயும் எண்ணிக்கை தானா விழும். அந்த வரிசையில புழு செடிக்கு பத்துப் பதினஞ்சுன்னு ஏற ஆரம்பிச்சு பக்கத்துக்குப் பரவும்போல இருந்தா ஏழாம் நாள் கணக்க எடுத்து முடிச்சுட்டு அதுக்கும் அதே மருந்த அடிச்சுறலாம்.